குளத்து நாட்டுக்குச் சைக்கிள் வேகம்

மாத்தளை என்றதும் மிளகுக் கொடியும் கொக்கோ மரமும் நக்கிள்ஸ் மலைத்தொடரும் மாசிமகத்தில் வீதிவலம் வரும் முத்துமாரியம்மன் தேர்களும்தான் நம்மில் பலருக்கு நினைவுக்கு வரும். ஆனால் ஏ9 வீதியில் நகரை விட்டு வடக்கே இறங்கி, நாலந்தையையும் நாவுலையையும் கடந்துவிட்டால் நிலத்தின் குணமே மாறிவிடுகிறது. மலைகள் ஒதுங்கித் தனித்தனிப் பாறைகளாகிவிட, தம்புள்ளை, கலேவெல, சீகிரியா என்று மாவட்டத்தின் வடபகுதி உலர்வலயச் சமவெளியாக விரிகிறது. கண்டலம, இப்பன்கட்டுவ, தேவஹூவ போன்ற பெரிய குளங்களும், அந்தந்த ஊராரைத் தவிர வேறு யாரும் பெயர் அறியாத சிறு குளங்களும் நிறைந்த நாடு அது. அங்கே வருகிறவர்கள் சீகிரியாவில் ஏறுகிறார்கள், தம்புள்ளைக் குகைக் கோயிலைப் பார்க்கிறார்கள், வாகனத்தில் ஏறித் திரும்பிவிடுகிறார்கள். இடையில் கிடக்கும் குளங்கள் கண்ணாடிக்கு வெளியே சில நொடி பளபளத்து மறைகின்றன. இந்தக் குளத்து நாட்டைப் புரிந்துகொள்ள ஆறுதலாக மிதித்துப் போகும் சைக்கிளே சரியான வாகனம், அதற்குப் புதிதாக ஒரு பாதையும் போட வேண்டியதில்லை என்பது என் வாதம்.

சீகிரியாவின் கதையையே எடுத்துக்கொள்வோம். 5ஆம் நூற்றாண்டில் ஆண்ட தாதுசேனன் கட்டியது கலாவெவ. அவனைக் கொன்று அரசைக் கைப்பற்றி, 477 முதல் 495 வரை ஆண்ட மகன் காசியப்பன் எழுப்பியது சீகிரியாக் கோட்டை. ஒளித்துவைத்த செல்வத்தைக் காட்டு என்று மகன் நெருக்கியபோது, தாதுசேனன் கலாவெவவுக்குப் போய் நீராடி, அந்தத் தண்ணீரைக் கையில் அள்ளிக் காட்டி, என்னிடம் உள்ள செல்வம் முழுவதும் இதுவே என்றான் என்று சூளவம்சம் சொல்கிறது. கதையில் புனைவு எவ்வளவு என்பது ஒருபுறம் இருக்கட்டும். மகனின் கோட்டை 1982இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் ஏறியது. உலகம் அதைப் பார்க்க வருகிறது. தந்தை தன் சொத்து என்று காட்டிய குளமோ மாவட்ட எல்லைக்குச் சற்று அப்பால், அனுராதபுர மாவட்டத்தில், வழிப்போக்கர் தலைதிருப்பிப் பார்க்கும் ஒன்றாக இருக்கிறது. அந்தக் கோட்டையின் அடிவாரத்து நீர்த் தோட்டங்களிலும் மழைக்காலத்தில் இன்றும் நீரூற்றுகள் எழுகின்றன. அதற்குக் காரணம் குளத்து நாட்டார் கைவசம் வைத்திருந்த, நீர்மட்டம் பார்க்கும் அறிவு. குளத்தை விட்டுவிட்டுக் கோட்டையை மட்டும் பார்ப்பவர் பாதிக் கதையோடு வீடு திரும்புகிறார்.

உலர்வலயத்தில் ஒரு குளம் தனியே நிற்பது அரிது. ஆழமில்லாத ஒரு பள்ளத்தாக்கில் ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக அவை கோக்கப்பட்டிருக்கின்றன. மேற்குளம் நிறைந்து வான் பாய்ந்தால் அந்த நீர் அடுத்த குளத்தில் விழும். மேற்குளத்தின் மதகால் வயலுக்குப் பாய்ந்து வடிந்த தண்ணீரும் அங்கேதான் போய்ச் சேரும். ஒரே மழைநீர் கடலை அடையுமுன் பல ஊர்களின் நெல்லை விளைவித்துவிட்டுப் போகிறது. வறட்சி நீளும் ஒரு நாட்டில், பேராறு ஒன்று பக்கத்தில் ஓடாத கிராமங்கள் பல நூற்றாண்டு காலம் நெல் விதைத்து வாழ முடிந்ததன் காரணம் இந்தத் தொடர்தான். உலக உணவு வேளாண்மை நிறுவனம் 2017இல் இலங்கையின் இந்தக் குளத்தொடர் முறையை உலக முக்கியத்துவம் உள்ள வேளாண் மரபுரிமையாக ஏற்றுக்கொண்டது. அப்படி ஏற்கப்பட்டது ஒரு கட்டடமோ சிலையோ என்றால் காரில் போய் இறங்கிப் பார்த்துவிடலாம். இங்கே பார்க்கவேண்டியது ஒரு தொடர்பு. இரண்டு சிறு குளங்களுக்கு இடையே சில நூறு மீற்றரோ ஒன்றிரண்டு கிலோமீற்றரோதான் இருக்கும். காரில் அந்தத் தூரம் ஒரு பேச்சுக்கே போதாது. நடந்தால் ஒருநாளில் இரண்டு மூன்று குளத்தோடு வெயில் ஏறிவிடும். மணிக்கு 12 கிலோமீற்றர் போகும் சைக்கிளில் காலைப்பொழுதுக்குள் ஒரு தொடரின் தலைக்குளத்தில் தொடங்கி அடிக்குளம்வரை போய்விடலாம். ஒரு குளத்தின் வான் அடுத்ததன் அலைகரையாவதைக் கண்ணால் காணலாம்.

நிலத்தின் அமைப்பும் சைக்கிளுக்கே சாதகம். குளக்கட்டு என்பது பள்ளத்தாக்கின் குறுக்கே மட்டம் பார்த்து எழுப்பிய மண் வரம்பு. மட்டம் தவறினால் தாழ்ந்த இடத்தில் நீர் மேவிக் கட்டு உடைந்துபோகும். ஆகவே கட்டின் மேலே போகும் பாதையில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. வாய்க்கால் ஓரத்துப் பாதைகளும் அப்படித்தான். கலாவெவவில் இருந்து அனுராதபுரத்துத் திசாவெவக்கு நீர் கொண்டுபோகும் ஜய கங்கை என்ற கால்வாயின் நீளம் 87 கிலோமீற்றர். அதன் முதல் 27 கிலோமீற்றர் அளவில் சரிவு கிலோமீற்றருக்கு ஏறத்தாழ 10 சென்ரிமீற்றர்தான் என்று பொறியியலாளர் நெடுங்காலமாக எழுதிவந்திருக்கிறார்கள். சைக்கிள் மிதிக்கும் காலுக்கு அந்தச் சரிவு தெரியவே தெரியாது, பக்கத்தில் ஓடும் தண்ணீருக்கு மட்டும் தெரிகிறது. அதை வெட்டியவர்களின் கணக்கு எவ்வளவு நுட்பமானது என்பதைப் புத்தகத்தில் படிப்பதைவிட அந்த நீரோடு அதே வேகத்தில் சில கிலோமீற்றர் போய் அறிவது மேல்.

ஒரு சிறு குளக்கட்டின் நடுவில் சைக்கிளை நிறுத்தி இருபுறமும் பார்த்தால் என்ன தெரியும்? குளத்தின் தலைப்பக்கத்தில், நீர் வந்து சேரும் விளிம்பில், மருதும் இலுப்பையும் அடர்ந்த ஒரு மரவரிசை. காற்றைத் தணித்து, வெயிலில் நீர் ஆவியாவதைக் குறைப்பது அதன் வேலை. அதற்கு முன்னால் கோரையும் புல்லும் வளர்ந்த சேற்றுப் பட்டை ஒன்று, வெள்ளம் இழுத்துவரும் மண்ணைப் பிடித்துவைக்கிறது. நடுவில் தாமரையும் ஆம்பலும், இலைமேல் நடக்கும் நீளவால் இலைக்கோழியும், நத்தை தேடும் நாரையும். கட்டின் மறுபுறம் வயல் தொடங்குமுன் தாழைப் புதர்கள் நிறைந்த ஒரு துண்டு நிலம் இருக்கும். வீணாகக் கிடப்பதுபோலத் தெரியும். கட்டுக்கு அடியால் கசியும் நீரில் உள்ள உப்பையும் இரும்பையும் வயலுக்குப் போகவிடாமல் இழுத்துக்கொள்வது அந்தப் புதர்தான். அதை வெட்டி வயலாக்கிய இடங்களில் முன்வரிசை வயல்கள் உவர் ஏறிக் கெடுவதைக் கமக்காரர் அறிவார்கள். பழைய பெருங்குளங்களின் மதகருகே சதுரமாகக் கருங்கல்லால் கட்டிய ஒரு கிணறும் தென்படலாம். வெளியேறும் நீரின் விசையை அதற்குள் அடக்கிவிடுவார்கள். ஆங்கிலேய நீர்ப்பாசனப் பொறியியலாளர் ஹென்றி பார்க்கர் 1909இல் வெளியிட்ட பண்டைய இலங்கை பற்றிய நூலில், தம் காலத்து மதகுக் கோபுரங்களுக்கு முன்னோடி என்று வியந்து எழுதியது இந்தக் கிணற்றைத்தான். இவற்றில் எதற்கும் பலகை கிடையாது, நுழைவுச்சீட்டும் கிடையாது. மெதுவாகப் போய், நினைத்த இடத்தில் காலை ஊன்றி நிற்கிறவர் கண்ணில் மட்டும் படும்.

பழைய குளங்களோடு கதை முடிந்துவிடவில்லை. கண்டிக்கு அருகே பொல்கொல்லையில் மகாவலியை மறித்து, மலைக்குள் ஏறத்தாழ 8 கிலோமீற்றர் சுரங்கம் வழியே நீரை உக்குவெலைக்குக் கொண்டுவரும் திட்டம் 1976இல் இயங்கத் தொடங்கியது. அந்த நீர் சுது கங்கையில் விழுந்து, அம்பன் கங்கையோடு சேர்ந்து, போவதென்ன நீர்த்தேக்கத்துக்கு வந்து, அங்கிருந்து மறுபடி சுரங்கம் வழியே வடக்கே திரும்பி, தம்புலு ஓயாவில் இறங்கிக் கலாவெவவை அடைகிறது. ஆக, தாதுசேனனின் குளத்தை இன்று நிரப்பும் நீரில் ஒரு பங்கு மலைநாட்டில் பெய்த மழை. 2018இல் முடிவடைந்த மொரகஹகந்த நீர்த்தேக்கம் இந்த இணைப்பை இன்னும் பெரிதாக்கியது. அதன் விளைவு ஒன்று பொலன்னறுவை மாவட்டத்து மின்னேரியாவில் தெரிகிறது. வறண்ட மாதங்களில் குளம் வற்றி, வெளித்தெரியும் தரையில் முளைக்கும் புல்லைத் தேடி நூற்றுக்கணக்கான யானைகள் அங்கே கூடுவது வழக்கம். மேலேயிருந்து வரும் நீரால் அந்த மாதங்களிலும் குளம் உயர்ந்து நின்றபோது புல் மூழ்கியது, யானைகள் வேறிடம் தேடின. ஓரிடத்தில் கதவைத் திறந்தால் இன்னோர் இடத்தில் என்ன நடக்கும் என்பதை இந்த மண்ணில் நீரின் வழியே போய்த்தான் கற்கவேண்டும்.

பணம் யாரிடம் போகிறது என்பதும் வேகத்தைப் பொறுத்தது. சீகிரியா ஏற வெளிநாட்டார் ஒருவர் கட்டுவது 30 டொலருக்கு மேல். அது மத்திய கலாசார நிதியத்துக்குப் போகிறது, போகவேண்டியதுதான். மற்றச் செலவு பெரும்பாலும் வாகனச் சொந்தக்காரருக்கும் பெரிய ஹோட்டலுக்கும் போய்விடுகிறது. கோட்டையின் நிழலில் இருக்கும் கிராமத்தவருக்குக் கிடைப்பது புழுதி. சைக்கிள்காரருக்குத் தாகம் எடுக்கும், பசி எடுக்கும், சக்கரம் காற்றிழக்கும். அவர் செவ்விளநீர் வெட்டித் தருபவரிடமும் சந்தித் தேநீர்க் கடையிலும் பஞ்சர் ஒட்டும் கடையிலும் நின்றுதான் ஆகவேண்டும். ஒருநாளில் போய்விடக்கூடிய தூரம் இரண்டு நாளாகும்போது, இடையில் ஓர் ஊரில் இரவு தங்கவேண்டிவரும். சிறிய சிறிய தொகைகள்தான், ஆனால் அவை ஊருக்குள்ளேயே தங்குபவை.

இதற்கு எதிராகச் சொல்லக்கூடியவற்றில் மிகப் பாரமானது யானை. அதை லேசாகத் தட்டிவிட எனக்கு மனமில்லை. யானைக்கும் மனிதருக்குமான மோதலில் இலங்கையில் அண்மை ஆண்டுகளில் ஆண்டுதோறும் நூற்றுக்கு மேற்பட்ட மனிதரும் முந்நூற்றுக்கு மேற்பட்ட யானைகளும் இறந்துவருகிறார்கள். சீகிரியாவுக்குக் கிழக்கேயும், கண்டலமவின் பின்புறத்துக் காட்டோரங்களிலும், ஹபரணைப் பக்கமும் யானை நடமாட்டம் உண்டு. சைக்கிளில் இருப்பவருக்குத் தகரக் கூடு ஏதும் கிடையாது. ஆகவே அந்தப் பக்கத்துக் காட்டுப் பாதைகளைச் சைக்கிள் வழியாக விளம்பரப்படுத்தக் கூடாது என்பதே என் முடிவு. வனசீவராசிகள் திணைக்களம் சொல்லாமல் ஒரு பலகைகூட அங்கே நடக்கூடாது. ஆனால் அந்த அபாயத்தைக் காட்டி முழுச் சமவெளியையும் மூடிவிடுவது நியாயமில்லை. கலேவெலப் பக்கத்திலும் தம்புள்ளையின் மேற்கிலும் வயலும் வீடும் நெருங்கிய குளத்தொடர்கள் இருக்கின்றன. அங்கேயும் பொழுது விடிந்தபின் புறப்பட்டு, மாலை நான்கு மணிக்குள் தங்குமிடம் சேர்ந்துவிடவேண்டும். புறப்படுமுன் ஊராரைக் கேட்கவேண்டும். முந்தின இரவு யானை எந்தப் பக்கம் இறங்கியது என்பதை அவர்கள் அறிந்திருப்பார்கள். வெயிலுக்கும் இதே மருந்துதான். பத்து மணிக்குள் பாதிப் பயணம் முடிந்துவிட்டால் நண்பகலை இலுப்பை நிழலில் கழிக்கலாம்.

அடுத்தது லொறி. 1999இல் திறக்கப்பட்ட தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்துக்கு நாட்டின் பல பாகங்களில் இருந்தும் மரக்கறி வந்து போகிறது. ஏ9 வீதியும் குருநாகலில் இருந்து திருகோணமலை போகும் ஏ6 வீதியும் சந்திக்கும் இடம் அது. அந்த வீதிகளில் ஆறுதலாகச் சைக்கிள் ஓடலாம் என்று சொல்வது பொறுப்பற்ற பேச்சு. குளக்கட்டுகளும் வாய்க்கால் ஓரங்களும் கிராம வீதிகளும் நமக்குத் தேவைப்படுவது அதனால்தான். பெருவீதியைக் குறுக்கே கடப்பதோடு நிறுத்திக்கொண்டு, ஓடுவதை ஊருக்குள் வைத்துக்கொள்ளலாம். குளக்கட்டு ஊராரின் சொத்து, அங்கே குளிப்பார்கள், துவைப்பார்கள், வெளியார் வந்து எட்டிப்பார்க்கலாமா என்ற கேள்வியும் எழும். நியாயமான கேள்வி. 1990களின் தொடக்கத்தில் கண்டலமக் கரையில் பெரிய ஹோட்டல் கட்டப்படவிருந்தபோது, குளத்து நீர் கெடும் என்று பெரிய எதிர்ப்பு எழுந்ததும் இதே கவலையால்தான். கட்டடக்கலைஞர் ஜெப்ரி பாவா வரைந்த அந்த ஹோட்டல் 1994இல் திறக்கப்பட்டுப் புகழும் பெற்றது, என்றாலும் அந்தக் கவலை பிழையாகிவிடவில்லை. குளத்துக்குள் எதையும் கட்டாத, எஞ்சின் இல்லாத, கட்டின் மண்ணை நெரிக்காத ஒரு பயணத்தைத்தான் நான் கேட்கிறேன். அதிலும் குளிக்கும் துறைகளைத் தவிர்த்து வழி குறிப்பதும், எந்தக் கட்டில் விடலாம், எதில் கூடாது என்பதைக் கமக்கார அமைப்புகளே தீர்மானிப்பதும் முன்நிபந்தனை.

சைக்கிள் ஏழையின் வாகனம், விடுமுறைக்குப் போய் அதையா மிதிப்பது என்ற எண்ணம் நம்மவரிடம் ஆழமாக இருக்கிறது. 1990களில் பொருளாதாரத் தடைக்குள் யாழ்ப்பாணம் முழுவதும் சைக்கிளில்தான் ஓடியது. அதே ஆண்டுகளின் தொடக்கத்தில் தமிழ்நாட்டுப் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் ஏராளமான கிராமத்துப் பெண்களுக்குச் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்து, அவர்கள் தனியே வெளியே போய்வர வழி திறந்தது. 2022இன் எரிபொருள் நெருக்கடியில் கொழும்பில் அலுவலகம் போகிறவர்களும் சைக்கிள் தேடி அலைந்தார்கள். அவமானம் என்று நினைக்க இதில் ஒன்றும் இல்லை. மலையகத் தமிழருக்கு இந்தச் சமவெளியோடு இன்னும் பழைய ஒரு கணக்கு உண்டு. 19ஆம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களுக்கு வந்த நம் முன்னோர் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே தம்புள்ளை, நாலந்தை ஊடாக மாத்தளைக்கு நடந்தே வந்தார்கள். வாந்திபேதியாலும் பசியாலும் வழியில் ஆயிரக்கணக்கானோர் மாண்டார்கள். அன்று அந்த வழியிலிருந்த குளங்களில் பல உடைந்து காடு மேவிக் கிடந்தன. இன்று அவர்களின் பேரப்பிள்ளைகள் அதே வழியைக் குளிரூட்டிய பஸ்ஸில் உறங்கியபடி கடக்கிறார்கள். எங்கள் பள்ளிச் சுற்றுலாக்களும் சீகிரியாவில் ஏறி இறங்குவதோடு முடிந்துவிடுகின்றன. தம்புள்ளைக்கு அருகே இப்பன்கட்டுவக் குளத்தை ஒட்டி, கல்லறைகளும் தாழிகளும் மணிகளும் கிடைத்த ஓர் ஈமக்காடு அகழப்பட்டிருக்கிறது. கி.மு. 700 முதல் 400 வரையான காலத்தைச் சேர்ந்தது அது. தமிழ்நாட்டின் தாழிக்காடான ஆதிச்சநல்லூரைப் பற்றிப் படித்த ஒரு தமிழ் மாணவனுக்கு அங்கே கேட்க எவ்வளவோ கேள்விகள் உண்டு.

இதை நடத்திக் காட்டிய நாடுகள் இருக்கின்றன. பெல்ஜியத்தின் லிம்பேர்க் மாகாணத்தில் சுரங்கப் பொறியியலாளரான ஹியூகோ போலன் 1995இல் ஒரு முறையைக் கொண்டுவந்தார். இருக்கிற சிறு பாதைகள் சந்திக்கும் ஒவ்வொரு சந்திக்கும் ஓர் எண், அடுத்த எண்ணுக்குப் போகும் திசைக்கு ஓர் அம்புக்குறி, அவ்வளவுதான். அந்த முறை பின்னர் நெதர்லாந்திலும் பரவி, குடும்பங்கள் எண்களைத் தாளில் எழுதிக்கொண்டு கிளம்பும் வழக்கமாகிவிட்டது. ஜப்பானின் பிவா ஏரியைச் சுற்றி ஏறத்தாழ 200 கிலோமீற்றர் சைக்கிள் வழி, இருந்த வீதிகளின் ஓரத்தில் நீலக் குறி தீட்டி அமைக்கப்பட்டது. 2019இல் அது தேசிய சைக்கிள் வழியாக அறிவிக்கப்பட்டது. அவை செல்வந்த நாடுகள், நமக்குப் பணம் எங்கே என்பார்கள். லிம்பேர்க் முறையில் அதிகச் செலவு பலகைக்குத்தான். நம்மிடம் குளக்கட்டுகள் ஏற்கெனவே இருக்கின்றன. சிறு குளங்கள் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் கையிலும், பெரியவை நீர்ப்பாசனத் திணைக்களத்தின் கையிலும், மகாவலி நீர் மகாவலி அதிகார சபையின் கையிலும் இருப்பதால், மாவட்டச் செயலகம் இவர்களை ஒரு மேசையில் இருத்தி, கலேவெல முதல் இப்பன்கட்டுவவரை ஒரு வழியை மட்டும் முதலில் குறித்துப் பார்க்கலாம். சந்திக்கு ஓர் எண், குளத்தின் பெயர் மூன்று மொழியிலும், அது எந்தக் குளத்துக்கு வான் பாய்கிறது என்று ஒரு வரி. தமிழ் எழுத்து அதில் விடுபடக்கூடாது.

பலகை வரும்வரை வாசகர் காத்திருக்க வேண்டியதில்லை. பெரும்போக அறுவடை நடக்கும் மாசி, பங்குனி மாதங்களில் குளங்களில் இன்னும் நீர் நிற்கும், வெயிலும் முழு உக்கிரம் கொண்டிருக்காது. ஆனி, ஆடியில் போகிறவர்கள் சோழகக் காற்று எதிரே வீசும் என்பதை நினைவில் வைக்கவேண்டும். மாத்தளைவரை புகையிரதம் உண்டு, அங்கிருந்து தம்புள்ளைக்கு பஸ். தம்புள்ளையிலும் சீகிரியாவிலும் தங்குமிடங்களில் சைக்கிள் வாடகைக்குக் கிடைக்கும். தம்புள்ளையில் இருந்து கண்டலம போகும் வீதியில், 1963இல் சாம் பொப்பம் தொடங்கிய மரத் தோட்டம் இருக்கிறது. புதரை மட்டும் அகற்றி, உலர்வலய மரங்கள் தாமே எழ விட்ட இடம் அது. நண்பகல் வெயிலுக்கு ஒதுங்க அதைவிட நல்ல இடம் பக்கத்தில் இல்லை. பிள்ளைகளை அழைத்துப் போங்கள். தண்ணீர் இரண்டு போத்தல் கூடுதலாக வையுங்கள், மாலை நான்கு மணிக்கு மேல் வழியில் நிற்காதீர்கள்.